வயிறு இறங்கிய கார்

தெருவில் எல்லோருக்கும் அவள் கேக்கக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் ‘நான் எப்ப உங்களுக்கு அக்கா ஆனேன்?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. சட்டைக் கம்பெனியில் பதினொரு வருடம் சட்டை மடித்துப் பெட்டியில் வைத்தவள். கம்பெனியை இழுத்து மூடியபோது, வீட்டில் துணி காயப்போடும் பின்னறையைக் காலிசெய்து, கேக் அடுப்பு ஒன்றும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் நீளமான மேசை ஒன்றும் போட்டுக்கொண்டாள். முதல் வருடம் செய்த கேக்குகள் ஒருபக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் வந்தன. வாங்கிப்போனவர்கள் “ருசி நல்லாருந்துச்சு” என்றார்கள். ருசியை மட்டும் சொன்னால் மற்றதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கணவர் டிரைவர். வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம். அங்கே அவருக்குப் பஞ்சு என்று பெயர். அவர் வண்டி எடுத்தால் கிளம்பியதும் தெரியாது, நின்றதும் தெரியாது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களும் நிறைமாதக்காரிகளும் காரைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் “பஞ்சண்ணன் இருந்தா அனுப்புங்க” என்று கேட்டு வாங்குவார்கள். முதுகெலும்பு தேய்ந்துபோன ஒரு டீச்சரம்மாவை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது அவருடைய நிரந்தர வேலை. திரும்பி வரும்போது அந்தம்மா பின்சீட்டில் தூங்கிப்போவார். வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டு, அவராக விழிக்கும்வரை இவர் உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர் பேசுகிற ஆளே இல்லை.

கம்பெனிக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தபோது முதலாளியே போன் செய்தார்.

“உங்க கையில கேக் நல்லா வருதாமேம்மா. நம்ம மொத வண்டி இருந்துச்சுல்ல, பச்சைக் காரு? அத அப்படியே கேக்கா செஞ்சு குடுக்க முடியுமா?”

“முடியுங்க சார்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் செய்தவை வட்டம், சதுரம். ஒருமுறை புத்தகம். அதுவும் கோடு போட்ட சதுரம்தான்.

மூன்று நாள் வேலை. பழைய போட்டோவைப் பெரிதாக்கி, பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொண்டாள். கேக்கை அடுக்கி, நடுவே கிரீம் தடவி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, பல் வைத்த கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள். தப்பாகச் சீவிய இடத்தில் துண்டை ஒட்டினால் அது ஒட்டிய துண்டாகவே தெரிந்தது. மேலே போர்த்துவதற்குச் சர்க்கரை மாவில் பச்சை நிறம் கலந்து, சப்பாத்திபோலத் திரட்டினாள். முகப்பின் வளைவில் அது மடிந்து மடிந்து சுருங்கியது. சட்டை மடித்த கைக்கே அது அடங்கவில்லை. இரண்டு முறை உரித்துப் போட்டாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, இது காரா, படுத்திருக்கிற எருமையா?”

“எருமைக்கு ஹெட்லைட் இருக்கா? போயி உன் வேலையப் பாருடி.”

“இல்ல, மூஞ்சியப் பாத்தா பசும்புல்லுக்கு ஏங்குற மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்.”

சிரித்தாலும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகப்பு எருமைதான். எங்கே தப்பு என்றுதான் பிடிபடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர், கை கழுவிய ஈரத்தோடு மேசைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

“இடது பக்கம் பானெட்டு கொஞ்சம் தூக்கலா இருக்கணும். ஒருத்தன் புருவத்தத் தூக்கிக்கிட்டுப் பாப்பான்ல, அது மாதிரி. வேலைக்குச் சேந்த மொத ரெண்டு வருஷம் நான்தான அத ஓட்டுனேன்.”

“போட்டோல அப்படித் தெரியலீங்களே?”

“போட்டோக்காரன் வலது பக்கம் நின்னு எடுத்திருக்கான்.”

ஈர உள்ளங்கையால் சர்க்கரைத் தோலை ஒருதரம் நீவிவிட்டார். எருமை காராகிவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகிறவரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்த வண்டியின் கதவு எப்படிச் சாத்தினால் சாத்திக்கொள்ளும், மழையில் எந்த ஓரம் ஒழுகும், ஹாரன் எப்படித் தொண்டை கட்டின மாதிரிக் கத்தும் என்று. கல்யாணமாகி அவ்வளவு பேச்சை அவள் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே சக்கரங்களை உருட்டினாள்.

காரைத் தாங்கியது ஒரு மெல்லிய பலகை. சக்கரம் இருக்கும் நாலு இடத்தில் நாலு குச்சி முட்டு, நடுவே ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டைதான் அவள் கண்ணை உறுத்தியது. குனிந்து பார்த்தால் காருக்கு அடியில் கறுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. நிஜக் காருக்கு அடியில் வெளிச்சம் தெரியும்.

“அத எடுத்துட்டா என்னங்க?”

“வேணாம். மொத்த கனமும் நடுவுலதான இருக்கு. கட்டை இருக்கட்டும்.”

“யாரும் குனிஞ்சு பாப்பாங்களா, என்ன?”

“யாரும் குனிஞ்சு பாக்கலேன்னா கட்டை இருந்துட்டுப் போவுது.”

“சரிசரி. நீங்க ஸ்டியரிங்கப் பாருங்க. கேக்க நான் பாத்துக்கறேன்.”

மூன்றாம் நாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் கட்டையை உருவி எடுத்துவிட்டாள். கார் அசையவில்லை. அடியில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று ஓடியது. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே அழகான பொருள் அந்தப் பத்து நிமிடம் அந்த மேசைமேல் நின்றது. பிறகு அதை அட்டைப் பெட்டியால் மூடினாள்.

கம்பெனி வேனின் பின்பக்கத்தில் கேக்கோடு அவளும் உட்கார்ந்துகொண்டாள். பெட்டி மூடியைத் திறந்து வைத்துக் காவல் காத்தாள். அவர் ஓட்டியது ஓட்டமா, தவழலா என்று சொல்ல முடியாது. வேகத்தடைகளில் வேன் ஏறியதே தெரியவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் போனதால்தான் அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டது. காய்ந்த இலையைக் கிள்ளினாற்போல. பார்த்தால், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே சர்க்கரைத் தோலில் ஒரு கோடு. கோடு உதடு மாதிரித் திறந்தது. உள்ளே பழுப்புக் கேக் தெரிந்தது. பலகை நடுவில் வளைந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தாள். கம்பெனி வாசலுக்குள் திரும்பும்போது பலகை முறிந்தது. கார் வயிறு தரையில் பட, முகப்பும் பின்பக்கமும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

அவர் வந்து பின்கதவைத் திறந்தார். காரைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கட்டை இல்லை என்பதை அவர் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பின்னாலேயே நாற்பது டிரைவர்களும் கிளீனர்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

“அடடா! என்னம்மா ஆச்சு?”

நாற்பது முகம். அவளுடைய முதல் பெரிய வேலை. இனி ‘ருசி நல்லாருந்துச்சு’ என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது. அவள் வாய் தானாகப் பேசியது.

“வழியில இவரு சடன் பிரேக் போட்டுட்டாருங்க.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். ஒரே ஒருமுறை.

“ஆமா சார். நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு.”

“பஞ்சு! நீயா?”

“ஆமா சார். என் தப்புதான்.”

சிரிப்பு எழுந்தது. “பஞ்சுக்குள்ளயும் கல்லு இருக்குதுப்பா” என்று யாரோ சொன்னார்கள். கார் கேக்கைக் கரண்டியால் தோண்டித் தட்டில் போட்டுத் தின்றார்கள். ருசி நன்றாகத்தான் இருந்தது. “பாவம், அந்தம்மா மூணு நாள் உழைச்சிருக்கு, இந்தாளு கெடுத்துட்டான்” என்று முதலாளியின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த வாரமே ஒரு கல்யாண நாள் கேக்குக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு அவள் போட்ட கணக்கு எளிமையானது: அவருக்கு இது ஒருநாள் திட்டு, தனக்கு இது பிழைப்பு. அவருக்கும் இருந்தது அந்த ஒரு பெயர்தான் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

கேலி ஒருநாளில் முடியவில்லை. ஷெட்டில் அவர் நுழைந்தாலே “நாய் தப்பிச்சுதா பஞ்சண்ணே?” என்பார்கள். “என்ன கலர் நாயி?” என்று ஒருவன் கேட்டான். “செவலை” என்றார் அவர். மறுநாள் இன்னொருவன் கேட்டபோதும் செவலை என்றே சொன்னார். இப்படியே அந்த நாய்க்கு வாலும் காதும் முளைத்தன. பேச்சு டீச்சரம்மாவின் மகன் காதுவரை போனது. அம்மாவின் முதுகு விஷயம், வேறு டிரைவரை அனுப்புங்கள் என்று அவன் பணிவாகத்தான் கேட்டான். முதலாளியும் பணிவாகத்தான் சொன்னார்: “வயசாவுதுல்ல பஞ்சு. கொஞ்ச நாளு உள்ள உக்காரு.”

உள்ளே என்றால் சாவி மேசை. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று எழுதுவது. சாப்பாடு கொண்டுபோகும்போது அவள் பார்த்திருக்கிறாள். கம்பியடித்த சின்ன ஜன்னல் வழியாக அவர் சாவியை நீட்டுவார். சின்னப் பையன்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய், வண்டியை உறுமவிட்டுக் கிளப்புவார்கள். ஒவ்வொரு உறுமலுக்கும் அவர் முகம் லேசாகச் சுருங்கும்.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ‘நாளைக்குச் சொல்லிடணும்’ என்று மாவு சலிக்கும்போது நினைப்பாள். கேக் வெந்து வருவதற்குள் தைரியம் போய்விடும். எட்டு மாதம் போனது. பின்னறைக்கு இன்னொரு அடுப்பு வந்தது.

கடைசியில் ஒரு காலை, அவர் முடிவெட்டப் போயிருந்த நேரம், நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

“சார், அன்னிக்கு அவரு பிரேக் போடல. அடியில இருந்த கட்டைய உருவுனது நான். பொய் சொன்னதும் நான்தான்.”

முதலாளி முதலில் சிரித்தார். “கேக்கு விஷயமா? அத யாரும்மா இன்னும் நினைச்சுட்டிருக்கா?” பிறகு சிரிப்பு அடங்கி, “அப்ப அந்த நாயி?” என்றார்.

“நாயே வரலைங்க.”

முதலாளி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். “டீச்சரம்மா இப்ப இங்க இல்லம்மா. மக வீட்டோட போயிட்டாங்க, ரொம்ப தூரம். சரி, வந்ததும் பஞ்சுகிட்ட நானே பேசுறேன். வண்டி எடுக்கட்டும்.”

அன்று மாலை அவர் வந்து செருப்பைக் கழற்றி, கால் கழுவி, உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“எதுக்குப் போயி சொன்னே?”

“மனசு கேக்கலங்க.”

“இத்தன நாளு பிரேக் போட்டவன்னு நினைச்சாங்க. இப்ப பொய் சொன்னவன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்குச் சொல்லணும்னு இருந்தா, மொத நாளே சொல்லியிருக்கணும்.”

“வண்டி எடுக்கச் சொன்னாராமே?”

“வேணாம்னுட்டேன்.”

“என் மேல இருக்கிற கோவத்துலயா?”

“கோவம் அன்னிக்கு வந்துச்சு. வேன் கதவச் சாத்தறதுக்குள்ள போயிடுச்சு.” தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார். “போன மாசம் ஒரு டிரைவர் வரலேன்னு என்னை எடுக்கச் சொன்னாங்க. ரோடு காலியாத்தான் கெடந்துச்சு. என்னமோ குறுக்க வர்ற மாதிரியே இருந்துது. காலு தானா போயி பிரேக்க மிதிச்சுடுச்சு. பின்னால இருந்த பொம்பள தலைய முன்சீட்டுல இடிச்சுக்கிச்சு. எட்டு மாசமா எல்லாரும் கேட்டுக் கேட்டு, ஒருவேள அன்னிக்கும் நான் போட்டுட்டேனோன்னு எனக்கே ஒரு சந்தேகம்.”

“நீங்க போடலைங்க. பின்னால உக்காந்து பாத்துட்டிருந்தேன். சத்தியமா போடல.”

“நீ சொல்றே.”

“நான்தானங்க பாத்தவ!”

“சரி. காலு நம்பணுமே.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு எழுந்து, நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய கேக் எது என்று கேட்டார். சதுரக் கேக் என்றாள். அதைக் கொண்டுபோகிற வேனை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாம் என்றார் அவர். அவள் சரியென்று தலையசைத்தாள்.