மடிப்பக்கா வேண்டாமென்ற கேடயம்

கைதட்டல் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. என் மகள் பள்ளி விழாவில் மேடையேறியபோதுகூட நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்டாட்டி விலாவில் இடித்தாள். அசையவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் இடித்தாள். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் ஒரு பொம்பளை வாயைத் திறந்து சொன்னதை, ஒரு கூட்டமே சேர்ந்து கைதட்டி அமுக்கிப்போட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஒருவன் சட்டையையாவது பிடித்துக் கேட்டிருப்பேன். இத்தனை வருஷமாக யாரைப் பிடிப்பது என்று தெரியாமலே இருக்கிறேன்.

அந்தப் பொம்பளையை நாங்கள் மடிப்பக்கா என்போம். ஃபாதர்மார் நடத்தும் பல்கலைக்கழகம் எங்களுடையது. கோயிலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளக் கூடம்தான் சலவைக்கூடம். விடுதிப் படுக்கை விரிப்பு, பீடத்துணி, ஃபாதர்மாரின் வெள்ளை அங்கி, பட்டமளிப்பு விழாவுக்குப் போடுகிற கறுப்பு அங்கி எல்லாம் அங்கேதான் வெளுத்தது. நான் பாய்லருக்கும் குழாய்களுக்கும் பொறுப்பு. அதனால் என் பெயரே குழாய் என்று ஆகிவிட்டது. நாலு பெண்கள் வேலை செய்தார்கள். மடிப்பக்கா தலைவி. அவளுடைய நாத்தனார் ஒருத்தி, அதாவது அவள் புருஷனின் தங்கை. மற்ற இரண்டு பேரும் தாலி இழந்தவர்கள், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

அக்கா மடித்த அங்கியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். ஆனால் வாய் அதைவிடக் கூர்மை. ஒருமுறை தத்துவம் சொல்லிக்கொடுக்கிற வயதான ஃபாதர் ஒருவர் அங்கியைக் கொடுக்க வந்தார். அதை விரித்துப் பார்த்துவிட்டு, “ஃபாதர், சாப்பாடு உங்களுக்கா, அங்கிக்கா?” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். அவளுக்கும் அடக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். தான் செய்த வேலையைத் தானே புகழ்வாள். நாம் புகழ மறந்தால் நினைவுபடுத்துவாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அவளை வேறு மாதிரி ஆளாக்கி அச்சடித்துவிட்டார்கள்.

எங்கள் இடத்தில் வருஷாவருஷம் நிறுவன நாள் வரும். துணைவேந்தர் ஃபாதர் வளர்ச்சி அறிக்கை வாசிப்பார். புதுக் கட்டடம், புதுப் படிப்பு, தரவரிசையில் எத்தனை படி ஏறினோம், எல்லாம் வரும். முடிந்ததும் சிறந்த பணியாளருக்குக் கேடயம். வாங்குகிறவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேசவேண்டும். அந்த இரண்டு வார்த்தை என்ன என்பது எழுதாத சட்டம்: “இதற்கு நான் தகுதியற்றவன்.” பூசையில் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் நாக்கில் படிந்த வாக்கியம். நூலகர் ஒரு வருஷம், “இதைத் தொடக்கூட எனக்கு அருகதை இல்லை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் தேர்வுப் பிரிவுக்காரர் அவரையும் மிஞ்சி, “வேண்டாம் ஃபாதர், வேறு நல்ல ஆளுக்குக் கொடுங்கள்” என்றார். எவ்வளவுக்கெவ்வளவு வேண்டாம் என்கிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு கைதட்டல். அப்புறம் அதே கேடயத்தை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள். ஆணி அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மடிப்பக்காவுக்கு அந்தக் கேடயத்தின் மேல் கொள்ளை ஆசை. மறைக்கவும் மாட்டாள்.

“நாற்காலியத் தேய்ச்சவனுக்கெல்லாம் குடுக்கிறாங்க. நான் துணியத் தேய்க்கிறேன், எனக்கு மட்டும் கிடையாதாம்.”

“உனக்குக் குடுத்தா நீ தகுதியில்லேன்னா சொல்லுவே அண்ணி?” என்பாள் நாத்தனார். “தகுதி இருக்குன்னு சொல்லி மைக்கையும் சேர்த்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவே.”

“ஆமாண்டி, தூக்கிட்டுத்தான் வருவேன். உங்கண்ணன் படுத்துக்கிட்டே பாடட்டும்.”

அண்ணன் அப்போது படுத்த படுக்கை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அண்ணியும் நாத்தனாரும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் கட்டிக்கொள்ளாமல் அந்த வீட்டோடே இருந்துவிட்டவள்.

ஒருநாள் மத்தியானம் பதிவாளர் ஃபாதர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தவள் கூடத்துக்குப் போகாமல் நேரே பாய்லர் அறைக்கு வந்து, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“டேய் குழாய், இந்த வருஷம் கேடயம் எனக்காம்.”

“அடி சக்கை! அப்புறம் ஏன்க்கா மூஞ்சி இப்படித் தொங்குது?”

“சலவைக்கூடத்த இடிக்கப்போறாங்களாம். கணினி மையம் வருதாம். துணியெல்லாம் வெளியில ஒரு கம்பெனி வண்டி வந்து அள்ளிட்டுப் போகுமாம். எனக்கு விருந்தினர் மாளிகையில வேலை. அவளுங்க மூணு பேருக்கும் நல்ல சான்றிதழா பாத்துக் குடுப்பாங்களாம்.”

“அப்ப என் கதி?” என்றேன்.

“நீ எங்கயும் போகமாட்டே. குழாய் ஒழுகாத கட்டடம் உண்டா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவளுங்ககிட்ட இப்ப மூச்சு விடாதே. நான் மேடையிலயே வேணாம்னு சொல்லப்போறேன். விழாவுக்கு ஆயர் வர்றாரு, நம்ம பிஷப். அவரு தலைய அசைச்சா இவங்க எல்லாரும் ஆடணும்” என்றாள்.

“தனியாப் போய்ப் பாத்துச் சொல்லேங்க்கா.”

“தனியாச் சொன்னா ‘ஜெபிக்கிறேம்மா’ன்னு நெத்தியில சிலுவை போட்டு அனுப்பிடுவாரு. அத்தனை பேர் முன்னாடி கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் சரி என்றேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மற்ற மூன்று பெண்களும் அங்கே இல்லை. விருந்துக்கு மேசைத்துணி பத்தவில்லை என்று அவர்களை சலவைக்கூடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நான் மேடைத் திரைக்குப் பின்னால் நின்றேன். ஏசி குழாய் சொட்டு விட்டுக்கொண்டிருந்தது. ஆயர் தலையில் விழாமல் வாளி பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். துணைவேந்தர் ஃபாதர் வளர்ச்சி அறிக்கையில் கணினி மையத்தைச் சொன்னபோது பெரிய கைதட்டல். அடுத்ததாக மடிப்பக்காவைக் கூப்பிட்டார்கள். ஆயர் கையால் கேடயம் வாங்கினாள். மைக் முன்னால் வந்தாள்.

“எனக்கு இது வேணாம்” என்றாள்.

கைதட்டினார்கள்.

“நெசமாத்தான் சொல்றேன். வேணாம், எடுத்துக்குங்க.”

இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசை சிஸ்டர் ஒருவர் பக்கத்து சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத வாங்கிட்டு நான் அவளுங்க மூஞ்சில முழிக்க முடியாது. நாலு பேரும் சேர்ந்துதான் வேலை செஞ்சோம்.”

அவ்வளவுதான். மண்டபமே எழுந்து நின்றது. மாணவர்கள் விசில் அடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சொல்ல வந்த விஷயத்தைச் சொன்னாள்: “கூடத்த இடிக்காதீங்க, அவளுங்கள வீட்டுக்கு அனுப்பாதீங்க.” திரைக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இன்னொரு மைக்கில் துணைவேந்தர் ஃபாதர், “பணிவு, தாழ்ச்சி என்றால் இதுதான்! நம் நிறுவனத்தின் உண்மையான வளர்ச்சி இந்தத் தாழ்ச்சிதான்!” என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா விடவில்லை. திரும்பி ஆயரிடம் போய், கேடயத்தை இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினாள், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் ஜனம் ஜெபமாலை, படம், புது வண்டிச் சாவி எல்லாவற்றையும் ஆயரைக் கண்டால் ஆசீர்வாதம் கேட்டு இப்படித்தான் நீட்டும். அவரும் அப்படித்தான் நினைத்தார். கண்ணை மூடி, கேடயத்தின் மேல் சிலுவை வரைந்து மந்திரித்து, அவள் கையிலேயே வைத்து அழுத்தினார். மண்டபம் இடிந்துவிழும் போலிருந்தது. அவள் அழுதாள். அதற்கும் தட்டினார்கள்.

வாளி நிரம்பி என் காலில் வழிந்தது. ஆயர் விருந்துக்குக்கூட நிற்காமல் வேறு விழாவுக்குக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா கேடயத்தைக் கொண்டுபோய்ப் பதிவாளர் ஃபாதர் மேசையில் வைத்தாள். அவர் நல்ல மனுஷன், எழுந்து நின்று, “பிரமாதமாப் பேசினீங்கம்மா, ஆயருக்கே கண் கலங்கிடுச்சு” என்றாராம். அந்த மூன்று பேர் விஷயத்தைச் சொன்னாளாம். “முடிவாயிடுச்சும்மா, என் கையில இல்ல” என்றாராம். மறுநாள் காலையில் பியூன் கேடயத்தைத் துடைத்துக் கொண்டுவந்து, “மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்களாமே” என்று கொடுத்துவிட்டுப் போனான்.

பல்கலைக்கழக இதழில் அவள் படம் பெரிதாக வந்தது. கீழே, தன் சகோதரிகளோடு பெருமையைப் பகிர்ந்துகொண்டாள் என்று போட்டிருந்தார்கள். சகோதரிகளுக்கு அதே மாதம் சீட்டுக் கிழிந்தது.

கடைசி நாள் கூடத்தில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாத்தனார் தன் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கைதட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு அண்ணி. நாங்க மேசைத்துணி தேய்ச்சுக்கிட்டு இருந்தோம். உனக்குத்தான்னு எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.”

“வேணாம்னுதாண்டி சொன்னேன்.”

“எவன்தான் வேணும்னு சொல்லியிருக்கான் அந்த மேடையில?”

“குழாயக் கேளு. அவன் பின்னாடியேதான் நின்னான்.”

நான் முழுசாகச் சொன்னேன். ஆயர் மந்திரித்தது வரை சொன்னேன். நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன்ன வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?”

“இல்ல.”

“அப்ப நீ பேசாதே.” அண்ணி பக்கம் திரும்பினாள். “முன்னாடியே தெரியும்ல உனக்கு? எங்ககிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நாலு பேரும் சேர்ந்து போய் நின்னுருப்போம். சரி, போகட்டும். வேணாம்னவ வேலையையும் வேணாம்னு தூக்கிப்போட்டு எங்ககூட வரவேண்டியதுதானே?”

“உங்கண்ணனுக்கு மருந்து யாருடி வாங்குறது?”

“எங்கண்ணன இதுல இழுக்காதே.”

அவ்வளவுதான். அன்றைக்கே தன் துணிமணியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போனாள். கூட இருந்த இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுவேலைக்குப் போனாள், இன்னொருத்தி பிள்ளைகளோடு எங்கேயோ உறவுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தாள். நாத்தனார் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலையில் சேர்ந்தாள், காலெல்லாம் நரம்பு சுருண்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். அண்ணன் செத்தபோது வந்தாள். பக்கவாசல் வழியாக நுழைந்து, அவன் காலைத் தொட்டுவிட்டு, அண்ணி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

விருந்தினர் மாளிகையில் அக்காவுக்குச் சாவிக்கொத்தும் நாற்காலியும் கொடுத்தார்கள். வாய் மட்டும் செத்துப்போயிற்று. வெளிநாட்டு ஃபாதர் யாராவது கசங்கிய அங்கியோடு வந்தால்கூட ஒன்றும் சொல்லமாட்டாள். குழாய் பார்க்கிற சாக்கில் நான் போவேன். பேச்சு சுற்றிச் சுற்றி அந்த மேடையிலேயே வந்து நிற்கும்.

“எடுத்த எடுப்புல விஷயத்தச் சொல்லியிருக்கணும்டா. வேணாம்னு ஆரம்பிச்சேன் பாரு, அங்கதான் கெட்டுச்சு.”

“விடுக்கா. எப்படிச் சொல்லியிருந்தாலும் தட்டியிருப்பானுங்க.”

“இல்லடா. அவ கேட்டதும் சரிதான். முன்னாடியே அவளுங்ககிட்ட சொல்லியிருக்கணும். நான் தனியா நின்னு ஜெயிச்சுக் காட்டலாம்னு பாத்தேன்.”

நான் ஒழுகாத குழாயையே திரும்பவும் திருகினேன்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. சோப்புத்தூளும் ஆவியும் உள்ளே போய்ப் படிந்தது என்றார் டாக்டர். பல்கலைக்கழகமே ஆஸ்பத்திரியில் நல்ல அறை எடுத்துக் கொடுத்தது, அதைக் குறை சொல்ல முடியாது. துணைவேந்தர் ஃபாதர் நேரில் வந்து ஜெபித்து, “எங்க தாழ்ச்சியின் அடையாளம் நீங்க” என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்து அவர் மெல்லக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நான் போனபோது மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயைக் கையால் விலக்கிவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னாள். வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது.

“இங்க பாரு. நான் போனதும் கோயில்ல பெரிய பூசையா வெப்பாங்க. முடிஞ்சதும் அவரு மைக்கப் பிடிச்சு என்னப் பத்தி ஆரம்பிப்பாரு. விடாதே.”

“ஃபாதர நான் எப்படிக்கா தடுக்கிறது?”

“எங்க நாத்தனாரக் கூட்டிட்டு வா. வரமாட்டேம்பா. வர்ற வரைக்கும் அவ வாசல்லயே உக்காந்துக்கோ. திட்டுவா, வாங்கிக்கோ.” மூச்சு வாங்கினாள். “மைக்க அவ கையில குடு. துரோகின்னு சொன்னாலும் சொல்லட்டும். அவ பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தனையும் கையத் தூக்க விடாதே.”