கரும்பலகையில் என் வீட்டுக்காரர்

இதை எழுதும்போதுகூட எங்கள் ஊர்ப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆடித்தபசு நடக்கிற ஊர் என்றால் நெல்லைச் சீமையில் எல்லோருக்கும் தெரியும், அது போதும். சாமி பெயரோடு கோயிலையும் சேர்த்து வைத்த பெயர் அது. என் வீட்டுக்காரருக்கும் அந்தச் சாமி பெயர்தான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாதே! கல்யாணமான நாளிலிருந்து புளியங்குடியில் பஸ் ஏறினால் "தபசு ஊருக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பேன். கண்டக்டர்களுக்கும் பழகிப்போயிருந்தது. ஊரில் பாதி ஆண்களுக்கு அதே பெயர் என்பதால் பாதிப் பெண்கள் இப்படித்தான் கேட்போம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டடித்திருந்தேன். தேறினால் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறவர், படிக்கட்டும் என்றார். அத்தை மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். ஆடித்தபசு வரைக்கும் டுடோரியலுக்குப் போகலாம். அதற்குள் வாத்தியார் தேறுவாள் என்று சொன்னால் செப்டம்பர் பரீட்சை, இல்லையென்றால் அடுப்படி.

ஜவுளிக்கடை மாடியில் சாயங்காலம் வகுப்பு. வாத்தியார் வெளியூர்க்காரர், சின்ன வயசு. பெயர்ச்சொற்களை வீட்டு ஆட்களைப்போலப் பார்க்கச் சொல்வார். ஒருவர் வேலையைச் செய்பவர், ஒன்று செய்யப்படும் பொருள், ஒருவர் அதை வாங்கிக்கொள்பவர். பலகையில் இங்கிலீஷ் வாக்கியம் எழுதி, யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்பார். விரலால் காட்டினால் ஒப்பமாட்டார். வாயைத் திறந்து சத்தமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் இங்கிலீஷ் பயம் போகும் என்பார். ஊர்க்காரர்கள் மனதில் பதியட்டும் என்று எல்லா வாக்கியத்திலும் ஒரே ஆளைத்தான் போடுவார். சாமி பெயர்க்காரரை!

முதல் நாள் அவர் எலுமிச்சம்பழம் விற்றார். விற்பவர் யார் என்று என்னைக் கேட்டார் வாத்தியார். "அவுக" என்றேன். வகுப்பே சிரித்தது. பலகையில் அப்படி ஒரு ஆள் இல்லையே என்றார். விற்கப்படுவது எது என்றதும் "லெமன்" என்று பட்டென்று சொன்னேன். பிறகு வந்த நாட்களில் அவர் மாம்பழம் தின்றார், வண்டி ஓட்டினார், மாட்டுக்குப் புல் போட்டார். மாம்பழம், வண்டி, மாடு, புல் எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன். ஆளை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் அவரைக் கிணற்றில் தள்ளிவிட்டார் வாத்தியார். பாவம், எனக்கு மனசு கேட்கவில்லை.

விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். கல்யாணமாகாத பையன்களும் பெண்களும் உட்கார்ந்திருக்கும் இடம், கூச்சமாக இருந்தது. போதாததற்கு அந்தச் சிரிப்பு வேறு எனக்கு ரோஷத்தைக் கிளப்பியிருந்தது.

தபசுக்கு முந்தின வாரம் வீட்டுக்காரர் வாத்தியாரைப் பார்க்க வந்தார். தேறுவேனா என்று கேட்டார். பொருளையெல்லாம் சரியாகச் சொல்கிறேன், செய்பவர் யார் என்ற அடிப்படையே எனக்குப் புரியவில்லை, இந்தத் தடவை எழுத வேண்டாம் என்றார் வாத்தியார்.

வீட்டுக்காரர் பலகையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷில் எழுதப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான், தன் கையெழுத்து. அது அங்கே கொட்டை எழுத்தில் நின்றது.

"சார்வாள், அது எம் பேருல்லா? அவ எப்படிச் சொல்லுவா?"

வாத்தியார் முகம் சிவந்துபோயிற்று. அந்தப் பெயரை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு அதே இடத்தில் என் பெயரை எழுதினார். இப்போது மாட்டுக்குப் புல் போட்டது நான். யார் போட்டது என்று கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன். வீட்டில் நான் "ஏட்டி", தெருவில் தறிக்காரர் சம்சாரம். என் பெயரை நானே கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. போட்டது புல், வாங்கிக்கொண்டது மாடு என்று மீதியையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே, தாராளமாக எழுதட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் இதை அத்தையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வழக்கப்படி மூத்த பிள்ளையான அவருக்குத் தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். அத்தைக்கு அது மாமனார் பெயர்.

"பெத்த பிள்ளையையே நான் இதுவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லட்டி" என்றாள் என்னிடம். "உம் பேரையாவது சத்தமாச் சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

"அப்போ போயி எழுதிட்டு வா" என்று சொல்லிவிட்டு, சுளகை மறுபடி எடுத்துக்கொண்டாள்.