போன வருஷப் பாக்கி

அட்வான்ஸ் நோட்டைக் கையில் வாங்கியதும் சவரிநாதன் அதை மைக்கின் தலையில் ஒருமுறை ஒற்றுவார். பிறகுதான் சட்டைப்பைக்குள் விடுவார். பதினொரு ரூபாயானாலும் சரி, நூறானாலும் சரி, இந்தச் சடங்கு தப்பாது. தென்னூரில் சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அவருடைய மைக்செட் கடை. உள்ளே ஆறு குழாய் ஸ்பீக்கர்கள், இரண்டு ஆம்ப்ளிஃபயர், சுருள் சுருளாக ஒயர். மிஞ்சிய இடத்தில் ஐம்பது வயதுச் சவரிநாதன்.

பேச்சில் அவருக்குச் சத்தமே வராது. ஊரையே அலறவைக்கிற மனிதர், டீ சொல்வதற்குக்கூட எழுந்து போய், கடைக்காரர் காதருகே சொல்லிவிட்டு வருவார்.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீடுகளில் அவருக்கு அட்வான்ஸ் தட்டில் வரும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், மேலே பதினொரு ரூபாய். "எல்லாம் பெருமாள் அனுக்ரஹம், மீதியைக் கல்யாணம் ஆனப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். ஆனப்புறம் பார்க்கப் போனால் பெண்ணைப் பெற்றவர் பம்பாயில் இருப்பார். கட்சிக்காரர்களிடம் அட்வான்ஸ் என்ற பேச்சே கிடையாது. "தலைவரே வர்றாரு, நீங்க காசைப் பத்திப் பேசறீங்களே" என்று அவரையே வெட்கப்பட வைத்துவிடுவார்கள்.

"எழவு வீட்டுக் காசு மட்டும் பாக்கி நிக்காதுங்க," என்றார் ஒருநாள், வழக்கம்போல் கடையில் வந்து உட்கார்ந்திருந்த என்னிடம். "கூலி வேலை செய்யறவங்கதான். மூணாம் நாள் வீடு தேடி வந்து குடுத்துட்டு, தண்ணிகூடக் குடிக்காமப் போயிடுவாங்க."

எனக்கு வயிறு எரிவது திருவிழாக் கமிட்டிகளை நினைத்தால்தான். போன வருஷம் தராமல் விட்ட பாக்கியைக் கொண்டுவந்து, இந்த வருஷத்துக்கு அட்வான்ஸ் என்று நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டால் இந்த வருஷக் கூலி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். வரமாட்டேன் என்றால் பழைய பாக்கியும் போச்சு. தன்னுடைய காசையே முன்பணமாக வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்கிற தொழில் வேறு எங்காவது உண்டா, எனக்குத் தெரியவில்லை.

காட்டூரைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டோரம் ஒரு சின்ன அந்தோணியார் கோயில். அதன் பத்து நாள் திருவிழாவுக்குப் பதினான்கு வருஷமாகச் சவரிநாதன்தான் மைக்செட். எண்பத்து மூன்றாம் வருஷம், கமிட்டிப் பொருளாளர் பிலோமின்ராஜ் ஐம்பது ரூபாயோடு கடைக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், சிரித்த முகம். பழைய பாக்கி அறுநூறு நின்றது.

சவரிநாதன் கை நீட்டவில்லை. காரணம் இருந்தது. முந்தைய மழையில் நனைந்து எரிந்துபோன குழாய் யூனிட்டுகளை மாற்றுவதற்கு, மனைவி சகாயம்மாளின் தாலிச் சங்கிலியை அடகு வைத்திருந்தார். தேருக்கு மறுநாள் ஏலம் என்று அடகுக் கடையிலிருந்து கார்டு வந்துவிட்டது.

"பழசு முழுசா வந்தாத்தான் சார் ஒயர் கட்டுவேன்" என்றார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

பிலோமின்ராஜ் கோபித்துக்கொள்ளவே இல்லை. "சரிங்கண்ணே. பழசு அறுநூறு, இந்த வருஷம் எண்ணூறு. ரெண்டையும் சேர்த்துத் தேர் அன்னைக்குச் சாயங்காலம் மேடையிலயே முடிச்சுடறோம். பங்குச் சாமியார் முன்னாடி, சனங்க முன்னாடி. போதுங்களா?"

போதும் என்றுதான் சவரிநாதன் நினைத்தார். தனியாக வைத்து ஏமாற்றுவார்கள், மேடையில் ஏற்றி வைத்தா ஏமாற்றுவார்கள்? நானும் தலையாட்டினேன். அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்குண்டு.

தேர் அன்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். மேடையோரம், ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த மேஜையருகே நின்றோம். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் சகாயம்மாள், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு. பணம் வந்ததும் அவளிடம் கொடுப்பது, விடிந்ததும் அவள் முதல் ஆளாக அடகுக் கடை வாசலில் நிற்பது என்று ஏற்பாடு.

பிலோமின்ராஜ் பெயர் சொல்லி அழைத்தார். சவரிநாதன் மேடை ஏறினார். சாமியார் கையால் ஒரு சால்வையைப் போர்த்த வைத்தார்கள். கைதட்டல் ஓய்ந்தது. பணக் கவருக்காகச் சவரிநாதன் இன்னும் கொஞ்சம் நின்றார். "போதுங்கண்ணே, எறங்குங்க" என்று யாரோ முதுகில் கைவைத்து அனுப்பிவிட்டார்கள். அவர் மேஜைக்குத் திரும்பிய பிறகுதான் அறிவிப்பு வந்தது.

"நமது சவரிநாதன் அவர்கள், தமக்கு வரவேண்டிய ஒலிபெருக்கிக் கட்டணம் முழுவதையும் புனிதருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்!"

சாமியாரும் நம்பிவிட்டார். எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்தில் இருந்த பெண்கள் சகாயம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அந்தக் காசைக் கேட்டால் அந்தோணியாரிடமிருந்து பிடுங்கியதாகத்தான் ஆகும். படுபாவிகள், அவருடைய குழாய் வழியாகவே அவர் காசை விழுங்கிவிட்டார்கள்.

பிலோமின்ராஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு, குழாய்க்கு நேர் கீழே வந்தார். "அந்தத் தொகை எவ்வளவு தெரியுமா?" என்று ஆரம்பிப்பதற்குள், மைக் குழாயை நெருங்கிவிட்டதால் செட் வீலென்று அலறியது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அலறட்டும், விடுங்க" என்றேன் நான்.

சவரிநாதன் என் பக்கம் திரும்பவில்லை. சால்வை தோளிலிருந்து சரிய, கையை நீட்டிக் குமிழை மெல்லத் திருகினார். அலறல் அடங்கியது. ஆயிரத்து நானூறு ரூபாய் என்பது தஞ்சாவூர் ரோடு வரை தெளிவாகக் கேட்டது.