ஃபெஸ் நகரில் ஒரு பிடி பாதாம்

ஐந்து வயது மகள் சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் இருந்து, நான் குழைத்துக் கொடுத்த சோற்றை விழுங்கிவிட்டு, "எங்கட அம்மா எப்ப வருவா?" என்று மரியாதையாகக் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? போன இலையுதிர்கால விடுமுறையிலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறேன்.

பேய், செய்வினை, கண்ணூறு இவற்றில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. நான் சுவிஸில், ஆரா நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்க முன் பெட்டிக்குள் இருக்கும் தாளை இரண்டு தரம் வாசிப்பேன், கொடுத்த பிறகு இன்னொரு தரம் வாசிப்பேன். அப்படிப்பட்ட ஆள்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்காக என்னிடம் கேட்டது வேறு. பிள்ளையோடு மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போய் வந்தவள் என்பதால் பயணக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். குறிப்புகளை முதலில் தந்துவிடுகிறேன். மிச்சத்தை நம்பாதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபிக்க மாட்டேன்.

தள்ளுவண்டி கொண்டு போகாதீர்கள். பழைய நகரம் முழுவதும் படியும் பள்ளமும், சில ஒழுங்கைகளில் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியாது. கார் வராது, கழுதை வரும். பின்னால் "பாலக், பாலக்", அதாவது விலகு என்று, சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் பிள்ளையைச் சுவரோடு இழுத்துக்கொள்ளுங்கள், சுமை ஏற்றிய கழுதை உங்களுக்காக நிற்காது. கைபேசியின் வரைபடம் உயர்ந்த சுவர்களுக்கு நடுவில் தடுமாறும், ஆகவே தங்கும் இடத்தைப் பழைய நகரத்தின் ஏதாவது ஒரு கோட்டை வாசலுக்குக் கிட்டவாகப் பாருங்கள். "இந்த வழி பூட்டியிருக்கு, நான் காட்டுகிறேன்" என்று வருபவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். தோல் பதனிடும் இடத்தில் மூக்கில் பிடிக்கப் புதினா தருவார்கள், வாங்குங்கள், இல்லாவிட்டால் பிள்ளை சத்தி எடுக்கும். போத்தல் தண்ணீர், கைதுடைக்கும் ஈரத்தாள், சில்லறை, தோளை மூடும் சால்வை. இவ்வளவு போதும். அழகான ஊர், நல்ல சனங்கள், நான் குறை சொல்ல வரவில்லை.

இன்னும் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை எந்தப் பயண வழிகாட்டியிலும் போட மாட்டார்கள்.

அதைச் சொல்வதற்கு மகள் துளசி பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். நாள் ஆகுமுன் பிறந்த பிள்ளை அவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மாமி, அதாவது கணவரின் அம்மா, ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்து, பிள்ளையை விற்று வாங்க வேண்டும் என்று நின்றுவிட்டா. தப்பிப் பிழைத்த பிள்ளையைக் கோயிலில் கிடத்துவார்கள், வேறொருவர் ஒரு பிடி அரிசியைத் தாயின் கையில் வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். இனி அது அவருடைய பிள்ளை. பிறகு தாய் எதையாவது பதிலுக்குக் கொடுத்துத் திருப்பி வாங்குவாள். சாவு தேடி வந்தால் அந்தப் பிள்ளை அந்தத் தாயிடம் இல்லை என்று கணக்கு. நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டே பேர்ண் கோயிலுக்குப் போனேன், அரிசியை வாங்கினேன், பழத்தட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினேன். மாமி சந்தோசப்பட்டா, எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

இனி ஃபெஸ். பட்டப்பகல், நல்ல வெயில். மசாலைக் கடைகளைத் தாண்டி ஒரு ஒழுங்கையில், பனையோலைக் கூடையில் பாதாம் வைத்து ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தா. கிழவி இல்லை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவ, அவ்வளவுதான். துளசி அன்று சரியான குழப்படி. நடக்க மாட்டேன் என்று நிலத்தில் இருந்துவிட்டாள். அந்தப் பெண் குனிந்து அவளுடைய தலையைத் தடவி, முடியைக் கையால் அளந்து பார்த்து, தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், "இவளை எனக்குத் தருகிறீர்களா?" என்று கேட்டா. அங்கே பலரும் இப்படிப் பகிடியாகக் கேட்பார்கள். என் கணவர் சுதனும் பகிடிக்காரர்.

"கொண்டுபோங்கோ, கொண்டுபோங்கோ," என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். பிறகு பிரெஞ்சில், "ஓம், தாறம்" என்று பொருள்பட ஏதோ சொன்னார்.

அந்தப் பெண் அவரைப் பார்க்கவே இல்லை. என் கையை இழுத்து விரித்து, ஒரு பிடி பாதாமை வைத்து, விரல்களை மூடிவிட்டா.

கோயிலில் என் கையை அப்படித்தான் மூடினார்கள்.

"என்னப்பா முழிக்கிறீர்? சாப்பிடும், நல்ல பாதாம்," என்றார் சுதன். வாயில் ஒன்றைப் போட்டேன், கொடுத்ததைச் சாப்பிடாமல் நிற்பது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. நாங்கள் எங்கே போனாலும் பைக்குள் சுவிஸ் சொக்கலேற் இருக்கும்தானே, ஒரு கட்டியை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். பதிலுக்கு எதையாவது கொடுத்தால் சரி. அவ வாங்கவில்லை. கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டினா. இரண்டாம் தரம் நீட்டினேன், என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டா. சிரித்துக்கொண்டுதான் தள்ளினா. கூச்சப்படுகிறா என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது கூச்சம் இல்லை. வாங்கியதைத் திருப்பி விற்க மனமில்லாதவர்களின் சிரிப்பு அது.

அதன் பிறகு துளசி அடம்பிடிக்காமல் எழுந்து நடந்தாள். அந்த ஊரில் வேறு ஒன்றும் நடக்கவில்லை, சத்தியமாக.

திரும்பி வந்து சூரிச்சிலிருந்து ரயிலில் ஆராவுக்கு வருகிறோம். துளசி என்னைப் பார்த்து, "அன்ரி, நான் யன்னல் பக்கம் இருக்கலாமோ?" என்று கேட்டாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கையில் ஆளே இல்லை. சுதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அன்ரி ஆக்கிப்போட்டாள் உம்மை!"

அன்றிலிருந்து நான் அன்ரிதான், வீட்டுக்கு வந்துபோகும் பெண்களை அவள் கூப்பிடுவது போல. அப்பா அப்பாதான், அப்பம்மா அப்பம்மாதான், நான் மட்டும் அன்ரி. கோபமாகச் சொன்னாலாவது தாங்கியிருப்பேன். இது வேறு மாதிரி. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முன், "அன்ரி, பால் எடுக்கலாமோ?" சாப்பிட்டு முடிந்ததும், "நல்லா இருந்தது அன்ரி, நன்றி." தன் உடுப்பைத் தானே மடித்துக் கட்டிலின் ஓரத்தில், பயணம் போகிறவர்கள் வைப்பது போல, அடுக்கி வைக்கிறாள். முன்பு நான் குளியலறைக் கதவைப் பூட்டினால் வெளியே நின்று உதைக்கும் பிள்ளை அவள். ஒருநாள் காய்ச்சலில் "அம்மா, அம்மா" என்று அனுங்கினாள். ஓடிப்போய்த் தூக்கினேன். கண்ணைத் திறந்து பார்த்து, "உங்களை இல்லை அன்ரி," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமி வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பிள்ளைக்கு ஒரு பழக்கவழக்கம் வந்திருக்கு. நீர் குடுத்த செல்லத்தில எப்பிடி இருந்தவள்!" என்றா. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், எப்படி இவ்வளவு மரியாதையாக வளர்த்தீர்கள் என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன்.

பிள்ளை மருத்துவரிடம் போனேன், அவர் உளவியலாளரிடம் அனுப்பினார். உளவியலாளர் துளசியோடு விளையாடிவிட்டு என்னிடம் அமைதியாக விளக்கினா. நான் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமக்கிறேன், மூத்த பிள்ளை பொறாமையில் தாயைத் தள்ளிவைத்துத் தண்டிக்கிறது, பிள்ளை பிறந்ததும் சரிவரும். நான் அதை நம்பினேன். விருப்பத்தோடு நம்பினேன். தண்டனை என்றால் ஒருநாள் முடியும்தானே.

பிறகு தலைமுடி தொடங்கியது.

இந்த நாட்டில் கிண்டர்கார்டனுக்குப் பிள்ளைகள் தனியாக நடந்து போக வேண்டும். கழுத்தில் செம்மஞ்சள் முக்கோணப் பட்டி போட்டுக்கொண்டு போகும். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போனால் ஆசிரியைக்குப் பிடிக்காது, பிள்ளையை நம்புங்கள் என்று சொல்லுவா. நான் காலையில் துளசிக்கு ஒற்றைக் குதிரைவால்தான் கட்டிவிடுவேன், வேலைக்கு ஓட வேண்டும். மத்தியானம் வந்தால் தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல்கள், எலிவால் போல, நுனியில் சிவப்புக் கம்பளி நூல். ஆசிரியை பின்னிவிட்டா என்று நினைத்தேன். பல நாள் இப்படியே வந்தது. நன்றி சொல்லலாம் என்று ஆசிரியையிடம் போனால், எனக்கு முன் அவவே தொடங்கிவிட்டா: "ஒவ்வொரு நாள் காலையிலும் இவ்வளவு பொறுமையாகப் பின்னி அனுப்புகிறீர்கள், எப்போது எழும்புகிறீர்கள்?"

வீட்டில் சுதனிடம் சொன்னேன்.

"நீர்தான் பின்னிப்போட்டு மறந்திட்டீர். வயித்தில பிள்ளை இருக்கேக்க உப்பிடி மறதி வரும் எண்டு சொல்லுறவை."

"எனக்கு உப்பிடிப் பின்னவே தெரியாதப்பா."

"அப்ப யூரியூபில பாத்திருப்பீர்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் வேலைக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு, துளசிக்குத் தெரியாமல் அவள் பின்னால் நடந்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. குதிரைவால் ஆட ஆட முன்னால் போனாள், நான் கட்டிய நீல றப்பர் வளையம் எனக்குத் தெரிந்தது. ரயில் பாதைக்குக் கீழே ஒரு சுரங்கவழி இருக்கிறது, குட்டையானது, இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். அவள் உள்ளே இறங்கினாள். நான் வாசலுக்கு வந்தபோது அவள் மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தாள். நம்புகிறவர்கள் நம்புங்கள். தலை முழுக்கப் பின்னல். அத்தனையையும் பின்ன ஒரு காலைப்பொழுது முழுவதும் வேண்டும். நான் ஒருதரம் மூச்சு இழுத்துவிடும் நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வேறு யாரும் இல்லை, வேறு வழியும் இல்லை.

துளசி திரும்பி என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை, கொஞ்சம் சங்கடப்பட்டது போல இருந்தது.

"ஏன் அன்ரி பின்னால வாறியள்? அம்மா என்னோட வாறா தானே."

அன்று வேலைக்குப் போகவில்லை. மாமிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன், பாதாமையும் சொன்னேன். மாமி, "வித்தால் வாங்க வேணும் எண்டு உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டா.

"குடுத்தனான் மாமி. அவ வாங்கேல்லை."

"வாங்கும்வரைக்கும் நிண்டிருக்க வேணும். பெத்தவள் உமக்கே ஏலாட்டி, நான் என்ன செய்ய?"

மகன் சொன்ன பகிடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் மாமிதான் எங்களைத் திரும்பக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. தட்டு, பழம், புது உடுப்பு எல்லாம் வாங்கி, துளசியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னிடம் விற்கிற மாதிரி நீட்டினா. ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். துளசி கையைக் கூப்பி, "ஐயா, நான் இவவின்ர பிள்ளை இல்லை. என்னை அம்மா பாதாம் குடுத்து வேண்டினவா," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயரும் சிரித்துவிட்டார். "வாயாடி," என்று யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் தட்டோடு நின்றேன். யாரும் வாங்கவில்லை.

சுதன் இப்போது பகிடி சொல்வதில்லை. ஆனால் நம்பவும் இல்லை. பிள்ளை பிறந்தால் சரிவரும் என்று உளவியலாளர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். நானும் ஓம் என்கிறேன். அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன கிழமை சோபாவில் சாய்ந்திருந்தேன். துளசி தானாக வந்து பக்கத்தில் இருந்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு என்னைத் தொட்டாள். வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவளுடைய தலையைத் தடவினேன், அந்தப் பின்னல்களைக்கூடத் தடவினேன். பேசாமல் தடவவிட்டாள். பிறகு நிமிர்ந்து, என் கண்ணீரைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, சொன்னாள்:

"அன்ரி, இது தம்பியாம். அம்மா கேக்கச் சொன்னவா. இவனையும் தருவீங்களோ? தந்தால் நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கலாமாம்."

ஆணா பெண்ணா என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டிருந்தோம். அடுத்த நாள் போய்க் கேட்டேன். ஆண்தான்.

அவள் என்னைக் கரைச்சல்படுத்தவில்லை. காலையில் சப்பாத்துப் போட்டு முடிந்ததும், கதவடியில் நின்று, "யோசிச்சிட்டியளோ அன்ரி?" என்று மட்டும் கேட்கிறாள். "இன்னும் இல்லை குஞ்சு," என்கிறேன். "பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

இல்லை என்று சொன்னால் மூத்தவளை அந்தச் சுரங்கவழிக்குள்ளேயே இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஓம் என்று பகிடிக்குக்கூட என் வாயால் வராது. பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடுமோ என்று இன்னொரு பயம். பிள்ளை பிறக்க முன் ஃபெஸ் போய் அந்தப் பெண்ணைத் தேடலாம், ஆனால் வயிற்றில் இவனை வைத்துக்கொண்டு அவ முன்னால் போய் நிற்கலாமா?

மருத்துவரிடம் போ என்று தயவுசெய்து எழுதாதீர்கள், போய்விட்டேன். விற்று வாங்கும் வழக்கம் தெரிந்த யாராவது, வாங்கியவர் திருப்பித் தர மறுத்தால் என்ன செய்வார்கள் என்று தெரிந்த யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாளைக் காலையில் கதவடியில் நான் அவளுக்கு என்ன சொல்ல?