அக்கா விழுந்த வாசல்

என் அக்கா விழுந்தது ஒரு வீட்டு வாசலில். அது வாசலா, தெருவா என்று ஊரே என்னைச் சுற்றவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது.

எண்பதுகளின் தொடக்கம். அக்கா தேங்காய்த்திட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன எங்கள் டவுனில் தெருத்தெருவாக விற்பாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் நடந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். தங்கை நான் சாரம் பக்கம் குடியிருந்தேன், ஊர் ஓரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர் ஒருவரின் வீடு அவளுக்கு வாடிக்கை. சிப்பாயைப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, சொல்தா வீடு என்பார்கள். வீட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடையின் மேல் அவர் சிமென்ட் பலகை போட்டு, சிவப்புக் காவி பூசி, முகம் தெரிகிற மாதிரி வழவழவென்று தேய்க்க வைத்திருந்தார். கூடத்துக்குப் போட வேண்டிய தரையைத் தெருவில் போட்டார். வீடு எடுப்பாகத் தெரிய வேண்டுமாம்.

அக்கா அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் மீனைச் செதில் எடுத்து அறுத்துக் கொடுப்பாள். முடிந்ததும் வீட்டம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பாள். "கவுச்சி நிக்கக்கூடாது, நல்லா கழுவிட்டுப் போ." அக்கா கழுவுவாள். பிறகு அந்த ஈரத்தில் நின்றுதான் கூடையைத் தலைக்கு ஏற்ற வேண்டும். அன்றைக்கு ஏற்றும்போது கால் வழுக்கிற்று. கூடையோடு விழுந்தாள். இடது முட்டி உடைந்தது.

விழுந்த இடத்திலேயே அவள் ஒரு காரியம் செய்தாள். எங்கள் பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். வீட்டம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிச்சிடும்மா, நான்தான் பாக்காம கால வெச்சிட்டேன். வாசலெல்லாம் அசிங்கமாயிடுச்சி." எலும்பு உடைந்து கிடக்கிறவள் பேசுகிற பேச்சா அது? வாடிக்கை போய்விடுமோ என்ற பயம் வலியை முந்திக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இனிமேல் தலைச்சுமை தூக்குவது சந்தேகம் என்றார் டாக்டர். நான் சொல்தா வீட்டுக்குப் போனேன். அக்கா எழுந்து நடக்கிறவரை அவள் குடும்பத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"வாசப்படிக்கு வெளியே எல்லாம் த்ரொத்துவார்," என்றார் அவர். நடைபாதைக்குப் பிரெஞ்சில் அப்படிப் பெயராம். "அது மேரி சொத்து. மேரியில போய்க் கேளு."

மேரி என்றால் முனிசிபாலிட்டி. போனேன். அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தப் பலகைய நாங்களா போட்டோம்? போட்ட ஆளப் போய்க் கேளும்மா."

எங்கள் கம்பெனியில் தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் போட வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால், தூள் போடாமல் விட்டது யார் என்பதுதான் முதல் கேள்வி. அந்த நியாயம் கம்பெனி கேட்டுக்கு வெளியே செல்லாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வக்கீலிடம் போனேன். "இடம் யாரோடதுங்கிறது மட்டும் பேச்சில்ல," என்றார். "பலகைய யாரு போட்டாங்க, யாரு வெச்சிப் பொழங்கறாங்க, அதையும் பாப்பாங்க. ஆனா விழுந்ததும் உங்க அக்கா என்ன சொன்னாங்க?" சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். வீட்டம்மா வெளியே வந்தாள்.

"ஏய், எங்க வாசல்ல எதுக்கு உக்காந்திருக்கே? எழுந்திரு!"

"யாரு வாசல்?"

"எங்க வாசல்தான். பின்ன, உங்கப்பன் வாசலா?"

"ஐயா தெருன்னாரே. தெருன்னா நான் உக்காருவேன். வாசல்னா எங்கக்கா காலுக்குப் பதில் சொல்லு."

எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "தெனம் அந்தக் கல்லுல கோலம் போடறது யாரு, மேரிக்காரனா?"

சொல்தா எழுந்து வந்தார். "உங்கக்காவே ஒத்துக்கிட்டா, பாக்காம கால வெச்சேன்னு. இன்னும் என்னா?" கதவைச் சாத்திவிட்டார்.

எதிர்வீட்டுக்காரி சாட்சிக்கு வருவதாகச் சொன்னாள். நோட்டீஸ் அனுப்பலாம் என்றார் வக்கீல். அக்காதான் முறுக்கிக்கொண்டாள். "வேணாண்டி. கோர்ட்டுக்குப் போனவன்னு பேராயிட்டா எந்த வீட்ல மீன் வாங்குவாங்க?"

"நடக்கவே முடியல, எந்த வீட்டுக்குப் போவே?" என்று கத்தினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் மனம் மாறியது என்னால் அல்ல. அவளோடு மீன் விற்கிற ஒருத்தி பார்க்க வந்தவள், சொல்தா வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். "அதே கல்லுதான். கழுவிட்டுப் போன்னு அதே வாளிதான்." அக்கா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "கைநாட்டு எங்க வெக்கணும்?"

நோட்டீஸ் போனதும் சொல்தா வக்கீல் அறைக்கு வந்தார். கோர்ட்டு வேண்டாம், ஏழைப்பட்டவள், தர்மமாக ஏதாவது கொடுக்கிறேன் என்றார். அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தர்மம் வேணாங்க. வழுக்கற கல்லப் போட்டது நீங்க. கழுவச் சொன்னது உங்க வீட்ல. அத ஒத்துக்கிட்டுக் குடுங்க."

அவர் வக்கீலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பணம் வைத்த கவரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்கா அதை எடுக்காமல் என்ன செய்வாள்? எடுத்தாள். ஆனால் அவர் போகும்போது கும்பிடவில்லை. அந்தப் பலகையை அவர் அதற்குப் பிறகும் வழுக்காதபடி கொத்திவிடவில்லை.

அக்கா மறுபடி கூடை தூக்கவில்லை. மார்க்கெட்டில் காலை நீட்டி உட்கார்ந்துதான் விற்றாள். மடக்க முடியாத காலைத் தாண்டிப் போகிறவர்கள், "கால உள்ள வெச்சிக்கோ, யாராவது தடுக்கி விழப்போறாங்க," என்று அவளைத் திட்டிவிட்டுப் போவார்கள்.