பச்சையை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டியவன்

மண்ணரை என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகை, ஒரே ஒரு பழைய ஓவர்லாக் தையல் மிஷின். அதிலிருந்து வீரபாண்டியில் இரண்டு மாடி பனியன் கம்பெனி, துணி பின்னச் சொந்த நிட்டிங் மிஷின்கள், ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடத் தனி ஹால். எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது. "இவன் ஆறு மாசம் தாங்க மாட்டான்" என்றவர்களே பிறகு ஜாப் ஒர்க் கேட்டு என் வாசலில் நின்றார்கள். இதை ஊர் அறியும். அறியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நர்சிங் கல்லூரியிலிருந்து வந்தார்கள். கம்பெனியில் தீப்பிடித்தால் அடிபட்டவர்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று மாணவிகளுக்கு ஒத்திகை நடத்த வேண்டுமாம். ஹாலைக் கொடுத்தேன். கையில் அடையாளம் கட்ட, வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டிலிருந்து துணியும் கிழித்துக் கொடுத்தேன். உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், வெறும் சிராய்ப்புக்குப் பச்சை. அடிபட்டவர்களாக நடிக்க என் ஆட்கள் இருபது பேர். யாருக்கு என்ன காயம் என்று ஆளுக்கொரு சீட்டு.

எங்கள் அயர்ன் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "மொதலாளி, காலைலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்கு, என்னைய விட்ருங்க" என்றார்.

"சும்மா படுத்துக் கெடக்கறதுக்கு என்ன நோவுங்க மாஸ்டரு? நல்லா நடிச்சா மத்தியானம் பிரியாணி" என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

மணி அடித்ததும் ஹால் முழுக்க ஓலம். பேக்கிங் பெண் ஒருத்தி, "ஐயோ, என்ற காலு போச்சே, எனக்கு ரெண்டு பிரியாணி வேணும்" என்று கத்த, மாணவிகளுக்கே சிரிப்பு. நான் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். சுவரோரம் மாஸ்டர் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தார். கையில் பச்சைத் துணி.

நிட்டிங் மிஷின்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அத்தனை இரைச்சலில் ஒன்று நின்றுபோனாலும் முதுகுக்குப் பின்னால் எனக்குத் தெரியும். கிட்டே போனேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அயர்ன் டேபிளில் நிற்பவருக்கு வேர்ப்பது புதிதில்லை. ஆனால் கை ஜில்லென்று இருந்தது.

"ஏங்கண்ணு, இவரைப் பாரு" என்று பக்கத்தில் இருந்த மாணவியைக் கூப்பிட்டேன்.

"சீட்டுல சிராய்ப்புன்னுதானுங்க ஐயா போட்டிருக்கு. நல்லா நடிக்கறாருங்க."

"சீட்டைத் தூக்கி வீசு! ஆளைப் பாரு!"

பச்சையை அவிழ்த்தேன். அவள் கையிலிருந்த சிவப்பைப் பிடுங்கி நானே கட்டினேன். அவள் நாடியைத் தொட்டாள். முகம் மாறிவிட்டது, கூட வந்த ஆசிரியையைக் கூப்பிட்டாள். "மேடம், இது நெசமுங்க!"

அதன்பிறகு அவள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எழுந்து நடக்க விடவில்லை, சாய்த்து உட்கார வைத்தாள், ஒத்திகைக்கு வந்து நின்ற ஆம்புலன்ஸிலேயே ஏற்றினாள். மாரடைப்பு. டாக்டர் வெளியே வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். நான் தள்ளிவிட்ட ஆள் அல்லவா?

பிழைத்துக்கொண்டார்.

கல்லூரியில் அந்த நாளை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். மாணவியின் படம் சுவரில் இருக்கிறது. இருக்கட்டும், அவளுக்குத் தகும். கீழே ஒரு வரி: "கம்பெனி உரிமையாளர் இடம் கொடுத்து உதவினார்." இடம் மட்டுமா கொடுத்தேன்? வேண்டாம் என்ற மனிதரைப் படுக்க வைத்தது நான். அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். பச்சையை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டியதும் நான்தான். அதையும் எழுதுங்கள்.