எடைக்குப் பயந்து தள்ளிப்போட்ட சோதனை

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில், பைண்டிங் பிரிவில் எனக்கு வேலை. காலையில் உட்கார்ந்தால் தாள்களை அடுக்குவதும் ஒட்டுவதுமாகச் சாயங்காலம்வரை அப்படியே இருப்போம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. முழங்கால் வலிக்காக விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல வெயிட்டக் குறைச்சிட்டு வாங்க" என்றார். அவர் சொன்ன சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் விடியற்காலையில் வெம்பக்கோட்டை ரோட்டில் நடந்தேன். சீசன் தொடங்கி ஓவர்டைம் வந்ததும் அதுவும் நின்றுபோனது. அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை.

என் அண்ணன் மனைவி, மதினி, அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிறார். ஒல்லியான உடம்பு. அவரோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். உதிரப்போக்கை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்; தெரியவந்தபோது முற்றிப்போயிருந்தது, பிழைக்கவில்லை. அந்தச் சாவுக்குப் போய்வந்த வாரமே மதினி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கான சோதனையைச் செய்துகொண்டார். அவருக்கு ஒன்றும் இல்லை. அடுத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லயே மதினி."

"தொந்தரவு வந்தப்புறம் போயி என்னளா செய்ய?"

"அங்கன போனா முதல்ல எடை மெஷின்ல ஏத்துவாக. பெறகு ஏசுவாக."

"ஏசுனா நான் பாத்துக்கிடுதேன். நீ கெளம்பு."

பொங்கல் கழிந்து வேலை குறைந்திருந்தது. மதினி லீவு போட்டு என்னோடு வந்தார். சோதனை அறையில் இருந்த கட்டில் ரொம்ப ஒடுக்கம். அது என்னைத் தாங்குமா என்பதுதான் நோயைவிடப் பெரிய பயமாக இருந்தது. ஏறாமல் நின்றேன். நர்ஸ் புரிந்துகொண்டார். அவரும் நல்ல உடம்புதான்.

"பயப்படாம ஏறுங்கக்கா. மத்தியானம் நானே இதுலதான் முதுகச் சாய்க்கேன்."

சிரித்துவிட்டேன். ஏறிப் படுத்தேன். வலி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் குளிர்ச்சி. ஏதோ மருந்தைத் தடவிவிட்டுப் பார்த்தார். விளக்கைக் கிட்டே இழுத்து இன்னொரு தடவை பார்த்தார்.

"வெள்ளையா ஒரு திட்டு தெரியுதுக்கா. புத்துநோய்னு நெனைச்சிராதீக. பெரியாஸ்பத்திரில பாத்தாத்தான் சொல்ல முடியும்."

பஸ்ஸில் மதினி என் கையை விடவே இல்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்லிட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். பெரியாஸ்பத்திரியில் சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் பின்னால் அப்படி மாறக்கூடியது என்றார் லேடி டாக்டர். அந்த இடத்தை மட்டும் சுட்டு அகற்றினார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். கனம் தூக்கக் கூடாது என்றதால் சில நாள் தண்ணீர்க் குடத்தை வீட்டுக்காரர் தூக்கினார்.

எடையைப் பற்றி இந்த லேடி டாக்டரும் பேசினார். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, என்னை உட்காரவைத்து.

"நடங்க, மூட்டுக்கும் சுகருக்கும் நல்லது. ஆனா குண்டா இருக்கோம்னு வெக்கப்பட்டு இந்தச் சோதனைக்கு வராம மட்டும் இருந்துராதீங்க."

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. உடம்பு கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதினியோடு நடக்கிறேன், மற்ற நாட்களில் முடிந்தால். பைண்டிங்கில் எல்லாரிடமும் சோதனையைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தி போய்விட்டு வந்தாள். என்னைவிடக் கனமான இன்னொருத்தி, "சீசன் முடியட்டும்க்கா" என்கிறாள். கூட வருவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.